பெரணிக்கு மூன்று தண்ணீர்

செடிக்கு அம்மை போட்டிருந்தது. அதில் தோட்டக்காரன் செல்லக்கண்ணுவுக்குச் சந்தேகமே இல்லை.

இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு முத்துகள், நெருக்கமாக, வரிசையாக. அருப்புக்கோட்டைக் கரிசல் பூமியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பெரணி என்ற செடியையே இந்தத் தங்லின் பங்களாவில்தான் முதன்முதலாகப் பார்த்தான். ஆனால் அம்மையை நிறையப் பார்த்திருக்கிறான்.

"இது சாதாரணச் செடி இல்லப்பா" என்று டாக்டர் துரையின் குமாஸ்தா ஜமால் முகம்மது முன்பே சொல்லியிருந்தார். "மலாய்க்காரப் பொம்பளைங்க இந்தக் கஷாயத்தால புண்ணைக் கழுவுறாங்க, காய்ச்சலுக்குக் குடிக்கிறாங்க. துரை இதோட சாற்றைக் கொஞ்சம் வெண்ணெயில கலந்து வச்சாரு. ஒரு மாசமாகியும் சிக்கு வாடை வரலை. சும்மா வச்ச வெண்ணெய் நாலே நாள்ல நாறிப்போச்சு. கெட்டுப்போகாம காக்கிற ஏதோ ஒண்ணு இதுல இருக்குதாம். மனுச உடம்பையும் காக்குமான்னு பார்க்க நூறு செடியாவது வேணுமாம். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

பத்து நாள் வேலையாகப் பினாங்குக்குக் கிளம்பும்போது துரை ஜமால் மூலமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "இதை உன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள். செடி நன்றாக இருந்தால் பின்கட்டு அறை உனக்குத்தான். உன் மனைவியை வரவழைத்துக்கொள்ளலாம்."

பிள்ளைக்கு அம்மை கண்டால் என்ன செய்வார்களோ, அதைத்தான் செல்லக்கண்ணு செய்தான். சிராங்கூன் சாலை அம்மன் கோயில் வரை நடந்துபோய் வேப்பிலை வாங்கிவந்து செடி இருந்த கொட்டகையின் வாசலில் செருகினான்.

"துரைக்கு ஒரு தந்தி அடிச்சிடவா?" என்றார் ஜமால்.

"ஆத்தா இறங்கியிருக்கிற நேரத்துல வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுங்க பாய்."

"அவரு செடிக்கு அவரே வெளியாளா?"

சமையல்காரர் இராமசாமியிடம் போய், ஏழு நாளைக்கு மீன் வறுக்கக் கூடாது, தாளிக்கவும் கூடாது என்றான்.

"ஏன்டா, உன் செடிக்கு மூக்கு இருக்கா?" என்று இராமசாமி கரண்டியை ஆட்டினார். ஆனாலும் ஏழு நாளும் தாளிக்காத ரசம்தான் வைத்தார். ஜமாலும் கருவாட்டைத் தொடவில்லை. அடுத்தவனுடைய நம்பிக்கைக்காக நாக்கைக் கட்டுகிறவர்கள் இருக்கும் இடத்தில் ஆண்டவனும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவான்.

மூன்றாம் நாள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை வார்த்தான். பாதி முத்து உதிர்ந்தது. ஐந்தாம் நாள் இரண்டாம் தண்ணீர் வார்த்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தான். ஏழாம் நாள் மூன்றாம் தண்ணீர்; ஒரு முத்துகூட மிச்சமில்லை. செடிதான் மாப்பிள்ளை மாதிரி மஞ்சளாக நின்றது.

அம்மைத் தண்ணீரை யாரும் மிதிக்கக் கூடாது. எனவே மூன்று நாளும் அதைச் சேர்த்துக் கொண்டுபோய், பாழடைந்த குளியலறையின் ஈரச் செங்கல் சுவரில் ஊற்றினான். குறுக்கே மூங்கில் ஒன்றைக் கட்டினான். அதற்குப் பிறகு அவனும் அந்தப் பக்கம் போகவில்லை.

துரையின் பத்து நாள், ஆஸ்பத்திரி வேலையால் மூன்று மாதமாக நீண்டது. செடிதான் பிழைத்துவிட்டதே என்று செல்லக்கண்ணு வரவழைத்த மனைவி பூவம்மா, அவர் திரும்புவதற்கு முந்தின நாள்தான் கப்பலில் வந்து இறங்கிப் பின்கட்டு அறையில் குடியேறியிருந்தாள்.

துரை நேரே கொட்டகைக்கு வந்தார். ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். அவர் முகம் மிளகாய்ப்பழம் போலச் சிவந்தது. காலைத் தரையில் உதைத்து ஆங்கிலத்தில் நெடுநேரம் கத்தினார்.

"துரை கொஞ்சம் வருத்தப்படுறாரு" என்றார் ஜமால்.

துரை பூந்தொட்டி ஒன்றை எட்டி உதைத்தார்.

"கொஞ்சம் கூடவே வருத்தப்படுறாரு. அது அம்மை இல்லையாம்பா. இந்தச் செடிக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாதாம். அந்தப் பழுப்புத் தூள்தான் விதை மாதிரியாம். அது முதிரட்டும்னுதான் காத்திருந்தாராம். நீ நூறு செடியைக் கழுவி ஊத்திட்டே."

துரை பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டி மறுபடியும் ஏதோ கத்தினார்.

"சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணணுமாம்" என்று ஜமால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

புதிதாக வந்தவளை எங்கே கூட்டிப்போவது? செல்லக்கண்ணு செடியைப் பார்த்தான். "செடி பிழைச்சுக்கும்லங்க, பாய்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஜமால் அதை மொழிபெயர்த்தார். துரை குனிந்து செடியின் தண்டைத் தொட்டுப் பார்த்தார். ஜமால் மேலும் ஏதோ சொன்னார். பிறகு செல்லக்கண்ணுவிடம், "நானும் ஏழு நாள் கருவாடு தின்னலை, குத்தத்துல எனக்கும் பங்கு இருக்குன்னு சொன்னேன்" என்றார்.

அப்போது பூவம்மா புடவையை இழுத்துச் செருகியபடி, கையில் தேங்காய் நாருடன் வந்தாள். துரையைப் பார்த்து ஒதுங்கி நின்றவள், தொட்டியிலிருந்த செடியைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினாள்.

"ஏங்க, இதைப் போய்த் தொட்டியில வச்சு வளர்க்கிறீங்களா? மூங்கில் கட்டியிருக்கிற பழைய குளியலறைச் சுவரு பூரா இதே இலைதான் குஞ்சும் குறுமானுமா எண்ண முடியாம முளைச்சுக் கிடக்கு. பாதிச் சுவரைத் தேய்ச்சுட்டேன், மிச்சத்துக்கு நார் பத்தலை, வேற இருக்கா?"