மகளின் சம்பந்தப் பேச்சும் தங்கள் இரகசியக் காப்பும்

இணுவில்.

இணையத் தேடல் பெருநிறுவனத்தின் தனியுரிமைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

நலம். இதை நான் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. என் கைக்கடிகாரம் எண்ணும் நாடித்துடிப்பு உங்களிடம்தான் இருக்கிறது. தங்கள் நலம் அறியவும் ஆவல். அதற்குத் தங்கள் வலைத்தளத்தில் வழி கிடைக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற நொத்தாரிசு. ஊராரின் மரண சாசனங்களை எழுதிக்கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் வாழ்ந்தவன். ஆகவே, "உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்" என்று என் கைத்தொலைபேசியில் கண்டதும், நம்மைப் போன்ற ஆள் என்று நம்பிச் சம்மதத்தை அழுத்தினேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினால் முற்றாகும்வரை மூச்சு விடமாட்டோம். விட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போய்விடும். மகள் உதயகலாவுக்குத் தொண்டைமானாற்றுப் பெடியன் கீர்த்திகனைப் பேசியபோது கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும், மருதனார்மடப் பக்கம் நல்ல கல்யாண மண்டபம் எது என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி, இரக்கப்பட்டு நான் கொடுத்த வைஃபையில் படம் பார்ப்பவள்; அன்று பின்னேரமே அவளுடைய போனில் கூறைச் சேலை, தாலிக்கொடி, மணவறை எல்லாம் விளம்பரங்களாக வரிசையில் வந்து நின்றிருக்கின்றன. மதிலுக்கு மேலால் தலை தெரிந்தது.

"என்ன அண்ணை, உதயகலாவுக்குச் சரிவந்திட்டுதோ?"

"ஆர் சொன்னது?"

"என்ரை போன் சொல்லுது. என்ரை வீட்டிலை கட்டிக் குடுக்க ஆர் இருக்கினம்? நானும் பூனையும்தானே. உங்கடை வைஃபை எண்டால் உங்கடை கலியாணம்தான்."

உள்ளேயிருந்து என் மனைவி சிவகௌரி: "என்ரை தங்கச்சிக்கும் சொல்லாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினியள். உந்தப் பெட்டியிட்டை வாங்கேல்லையோ?"

வாங்கவில்லை. சம்மதம் கொடுத்ததும் நான்தான்.

அந்தக் கிழமையே மொட்டைக் கடிதம் போய்விட்டது: பெண்ணின் தகப்பன் ஓட்டைவாய், வீட்டு விஷயம் ஒன்றும் தங்காது என்று. என்னை! மாப்பிள்ளை வீட்டார் "யோசிச்சுச் சொல்லுறம்" என்கிறார்கள். இங்கே அது 'வேண்டாம்' என்பதன் மரியாதையான வடிவம். தங்களிடம் முறையிட்டேன். "உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. அதன் கீழே வேறு மாப்பிள்ளைகளின் படங்கள்.

ஆகவே, ஒருவருடைய வீட்டுக் கதையை அவரறியாமல் இன்னொருவருக்குச் சொல்வது எக்காரணங்கொண்டும் அடாத செயல் என்பதை வலியுறுத்தி, என் விபரங்கள் யாவற்றையும் அழித்துவிடுமாறு கேட்கிறேன்.

தங்களுக்கும் தங்கள் கண்களுக்கும் காதுகளுக்கும் இணுவில் கந்தன் துணை நிற்க,
வே. சண்முகநாதன்
(முகவரி தங்களிடம் உண்டு.)

பி.கு.: இதை அனுப்பப்போகும் நேரம் மாப்பிள்ளை வீட்டார் ஓம் என்றுவிட்டார்கள். இனி விசாரிப்பது எங்கள் முறை. தொண்டைமானாற்றில் யாரைக் கேட்டாலும் "தங்கமான பெடியன்" என்கிறார்கள். ஊரை நம்ப ஏலாது. கீர்த்திகன் தங்களிடம் என்னென்ன தேடுகிறான், சனி ஞாயிறுகளில் எங்கே போய் வருகிறான் என்பதை மட்டும் சுருக்கமாக அறியத்தரவும். பெடியனுக்குத் தெரிய வேண்டாம். உங்களை நம்பித்தான் கேட்கிறேன்.