பக்கத்து நாற்காலிக்கு ஒரு கிண்ணம் சூப்

பெண்டாட்டிக்குத் தெரியாத ஒரு இடமாவது இந்த உலகத்தில் தனக்கு இருந்தே தீரவேண்டும் என்று சபதம் எடுத்திருந்தார் கனசாவா ஊர் தெய்ஜி. அந்த இடம் மசாயேயின் சந்துக் கடை. நீளமாக ஒரு பலகை, அதன் முன்னால் ஆறே நாற்காலி, பலகைக்கு அந்தப் பக்கம் மசாயேயும் அவள் அடுப்பும். வீட்டில் ஆபீஸ் வேலை என்று புளுகிவிட்டு வாரம் தவறாமல் இங்கே வந்துவிடுவார். சுட்ட மீனும் சாக்கே என்கிற அரிசி மதுவும் உள்ளே போனால் மனுஷன் ராஜா.

அன்று சாயங்காலம் நல்ல மழை. கடையில் வேறு யாரும் இல்லை. மசாயே அவருக்கு மீனை வைத்தாள். பிறகு பக்கத்துக் காலி நாற்காலிக்கு நேராகச் சூடான கைத்துண்டும் ஒரு கிண்ணம் சூப்பும் வைத்தாள். அந்த ஊர் வழக்கப்படி வெளியூர் போனவர்களை நினைத்து அப்படி வைப்பார்கள், இல்லாவிட்டால், செத்தவர்களுக்கு.

"யாருக்கும்மா இது?"

"உங்ககூட வந்தவங்களுக்குத்தான்."

"நான் தனியால்ல வந்தேன்!"

"நெசமாவா சொல்றீங்க?" மசாயே குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு தடவையும் உங்க பின்னாடியே வராங்களே. சாம்பல் கலர் கிமோனோ. தாடையில மச்சம். உங்க தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

தாடையில் மச்சம் என்றால் மாமியார்! போன வருஷம்தான் எரித்த பிறகு அந்த அம்மாளின் எலும்பை இதே கையால் குச்சியில் எடுத்துக் குடத்தில் போட்டார். கிண்ணத்து ஆவி நேரே மேலே போகாமல் நாற்காலிப் பக்கம் சாய்ந்தது. தெய்ஜி தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குத்தான் வாயைத் திறக்கறாங்க," என்றாள் மசாயே. "'எம் பொண்ணுகிட்ட இன்னும் எத்தனை நாளு பொய் சொல்லுவான்?'னு கேக்கறாங்க."

குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

"என்னங்க இது, இப்படித் தொப்பலா நனைஞ்சு?" என்றாள் மனைவி நட்சுயோ. "ஆபீஸ்ல கூரை ஒழுகுதா?"

தெய்ஜி ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"ஐயோ, எங்கம்மாவா!" நட்சுயோ ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள். "நாற்காலி காலியா இருந்தாத்தானே வந்து உக்காருவாங்க? இனிமே நான் வந்து உக்காந்துக்கறேன்."

"நீயா? அங்கேயா?"

"அப்ப அம்மாவே இருக்கட்டுமா?"

"வேண்டாம்டி! நீயே வா!"

அடுத்த வாரம் தன் ஒரே சொர்க்கத்துக்குத் தானே வழிகாட்டிக்கொண்டு போனார். நட்சுயோ பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருக்கு உயிர் வந்தது. வாடிக்கைக்காரர்கள் குடித்து மிச்சம் வைக்கும் புட்டிகளைப் பெயர் எழுதிக் கடையிலேயே வைத்திருப்பாள் மசாயே. அந்த அலமாரியிலிருந்து, ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு புட்டியை எடுத்து நட்சுயோவின் முன்னால் வைத்தாள்.

கழுத்தில் 'நட்சுயோ' என்று அட்டை தொங்கிய அந்தப் புட்டி, முக்கால்வாசி தீர்ந்திருந்தது.