ஒன்பது சதவீத வெள்ளைக்காரன்

மட்டனை மீட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச்சில் பூசை, பிறகு மட்டன் குழம்பு. என் மனைவி பிரிஜெட் பூசையை வைத்துக்கொண்டு குழம்பை நிறுத்திவிட்டாள். காரணம் என் அண்ணன். போன தவக்காலத்தில், "வெறும் கேஸ் டிரபிள்தான்" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சைப் பிடித்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

டாக்டர் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வெப்சைட் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்.

"பத்து பர்சென்ட்டுக்குக் கீழ வந்தா மட்டன். என்ன சொல்றே?"

"வரட்டும், பாக்கலாம்" என்றாள் பிரிஜெட்.

புதன்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வயது, பிரஷர், கொழுப்பு, அண்ணன் போனது, எல்லாம் சத்தியமாகத்தான் போட்டேன். கடைசியில் இனம் கேட்டது. இந்தியன் என்றேன். பதினான்கு என்றது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிது. இந்தியனை எடுத்துவிட்டு வெள்ளைக்காரன் என்று போட்டேன். அதே ரத்தம், அதே கொழுப்பு. ஒன்பது!

பிரிண்ட் எடுத்து நீட்டினேன். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை மட்டன்."

ஞாயிறு வந்தது. பாதிரியாரின் பிரசங்கம் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கை கழுவி உட்கார்ந்தேன். தட்டில் அவித்த பீன்ஸ், அவித்த கேரட். பக்கத்தில் ஒரு முள்கரண்டி.

"மட்டன் எங்கே?"

"பீன்ஸுக்கு அடியில பாருங்க."

பார்த்தேன். உப்பு, காரம் எதுவும் அறியாமல் வெந்த ஒரே ஒரு துண்டு.

"வெள்ளைக்காரங்க இப்படித்தான் சாப்பிடுவாங்களாம். துரை வீட்ல சமைச்ச உங்க தாத்தாவே சொல்லியிருக்காரே."

"நான் எப்போ வெள்ளைக்காரன் ஆனேன்?"

"புதன்கிழமை. நீங்களே போட்டுக்கிட்டீங்க. கண்ணாடியப் பாத்துட்டாவது போட்டிருக்கலாம்."

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம ஜனங்களுக்கு மாரடைப்பு சீக்கிரம் வருதுன்னுதானே இனத்தைத் தனியா கேக்கறாங்க? கம்ப்யூட்டரை ஏமாத்திட்டீங்க. நெஞ்சை எப்படி ஏமாத்துவீங்க?" குரல் உடைந்தது. "கல்லறையில உங்க அண்ணி நின்னாங்களே. அவங்களுக்கும் எனக்கும் ஒரே வயசுங்க. என்னால அப்படி நிக்க முடியாது."

இவ்வளவு நாளும் இவள் மட்டனோடு சண்டை போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா. நான் இந்தியன்தான். பதினாலுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை உள்ளே எடுத்துப் போனாள். மனம் இளகிப் போயிருந்தாலும் மூக்கு தன் வேலையைப் பார்த்தது. உண்மையை ஒப்புக்கொண்ட புருஷனுக்கு ஒரு கரண்டிக் குழம்பாவது வராதா?

தட்டு திரும்பி வந்தது. அதே பீன்ஸ், அதே கேரட். முள்கரண்டியைக் காணோம். மட்டன் துண்டையும் காணோம்.