மருந்துக்கடை முனையில் வலப்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பிரிக்கும் முன் உன் விடுதி அறையைத் தாழ் போட்டுக்கொள். வாசித்ததும் கிழித்துவிடு. யாருக்கும் காட்டாதே. உன் அப்பாவுக்குக் காட்டாதே, முக்கியமாக உன் அப்பாவுக்கு. இங்கு யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பார் தமிழ் டீச்சர். யாவரும் நலம்தான், நான் மட்டும் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கும் எச்சிலுக்கும் மன்னித்துக்கொள்.

இன்று நற்கருணைத் திருவிழா. உனக்கு நினைவிருக்கும். நான் முதன்முதலாக நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்கிய வருஷம், எனக்கு எட்டு வயது, உன் பக்கத்தில் நின்று பூப் போட்டேனே. முதல்நாள் வீடு வீடாகப் போய்ப் பூக்கேட்டு, இதழைப் பிய்த்து உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். ஒரு வாரம் தண்ணீரெல்லாம் ரோஜா வாசம். உன் அப்பா, "இது தண்ணியா, சென்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு சொம்பு குடித்தார். அப்போதெல்லாம் உன் அப்பா, என் சித்தப்பா, தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். மணி அடிக்க மாட்டார். வண்டிச் சாவியால் கதவில் முதலில் ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தட்டு. நாம் இருவரும் அடித்துப் பிடித்து ஓடுவோம். அப்பா உள்ளேயிருந்தே, "சாவியை வச்சுக் கதவை ஓட்டை போடாதடா!" என்பார்.

பூப் போடுகிறவர்கள், பின்னால் ஃபாதர் ஏந்தி வரும் ஆண்டவருக்கு முதுகைக் காட்டக் கூடாது, பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதான். மணி அடித்ததும் ஒரு கைப் பூ எடு, முத்தம் கொடு, வீசு, ஓர் அடி பின்னால் வை. நான் தடுக்கிய போதெல்லாம் என் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினாய். அந்த ஒரு வருஷம்தான் நாம் சேர்ந்து நடந்தது. மறு வருஷம் தாத்தா இறந்துபோனார், குடைச் சண்டை வந்தது.

ஃபாதர் தலைக்கு மேல் நான்கு பேர் தூக்கி வரும் பட்டுக் குடை. அதில் முன்வலது கம்பு தாத்தாவுடையது. அவருக்குப் பிறகு அது யாருக்கு? "மூத்தவன் நான்டா" என்றார் என் அப்பா. "பத்து வருஷம் அப்பா பின்னாலேயே கம்பு பிடிச்சவன் நான்" என்றார் உன் அப்பா. கம்பு என் அப்பா கைக்கு வந்தது. ஒரு மூங்கில் கம்புக்காக நான்கு வருஷமாக இருவரும் பேசவில்லை. சித்தப்பா கோயில் வாசலையே மிதிக்கவில்லை. நீயும் நர்சிங் படிக்கப் போய்விட்டாய்.

இந்த வருஷம் பூ வரிசைக்கு நான் தலைவி. உன் வெள்ளைக் கவுனைத்தான் போட்டேன், நீ பூச்சாறு துடைத்த கறை இன்னும் போகவில்லை. பவனி ஒழுங்காகத்தான் கிளம்பியது. மருந்துக்கடை முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் நடக்கிறவளுக்கு இடது எது, வலது எது? நான் வலப்பக்கம் திரும்பிவிட்டேன். என்னைப் பார்த்துப் பூப்போடும் மற்றப் பதினொரு பேரும் திரும்பினார்கள். ஃபாதர் முகத்துக்கு நேரே நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம், அதைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் கிடந்த பூ மட்டும்தான். பூ போன வழியில் அவர் போனார், அவர் போன வழியில் ஊரே போனது. எங்கள் மறைக்கல்வி சிஸ்டர் ஓரத்திலிருந்து, "அந்தப் பக்கம் இல்லடி!" என்று கத்தியிருக்கிறார். பாடல் குழு அதைவிடச் சத்தமாகப் பாடியது. நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், ஆண்டவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று சொன்னதே அந்த சிஸ்டர்தான்.

அது முட்டுச்சந்து, உங்கள் சந்து. உங்கள் வீட்டோடு பாதை முடிகிறது. என் முதுகு உங்கள் கேட்டில் இடித்தது. எல்லாரும் நின்றோம்.

கதவு திறந்தது. உன் அப்பா பனியனோடு, ஒரு கன்னம் சவரம் செய்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றார். எதிரே ஆண்டவர். கையிலிருந்த ரேசரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பனியனுக்குள் போட்டுக்கொண்டு அப்படியே படியில் முழங்காலிட்டார். சித்தி மெழுகுவர்த்தி தேடிக் கிடைக்காமல் செல்ஃபோன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முழங்காலிட்டாள்.

பிறகு குடையைத் திருப்பப் பார்த்தார்கள். சந்து குறுகல், கம்பு சுவரில் மாட்டியது. பின்னால் பிடித்திருந்த பேக்கரிக்காரர் சாக்கடையில் காலை விட்டார். குடை ஃபாதர் தலைமேல் சாய்ந்தது. சித்தப்பா பாய்ந்து வந்து அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கிப் பிடிடா!" என்றார் அப்பா.

"நான் பிடிச்சுட்டேண்ணே, நீ ஒழுங்காப் பிடி!"

நான்கு வருஷத்துக்கு அப்புறம் பேசின பேச்சு அக்கா, அவ்வளவுதான். ஆனா சந்து முழுக்க ஜனம். வெளியே வரணும்னா எல்லாரும் பின்னால போகணும், ஆண்டவருக்கு முதுகைக் காட்டவும் கூடாது. கடைசியில் பாட்டு மாஸ்டர், தையல்காரர், கைக்குழந்தைக்காரிகள், ஊரே பின்பக்கமாக நடந்தது. ஒருவர் காலை ஒருவர் மிதித்து, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். வருஷம் பூரா கேட்க வேண்டிய மன்னிப்பை ஒரே சந்துக்குள் கேட்டு முடித்துவிட்டார்கள்.

சித்தப்பா பாதிச் சவரத்தோடு கோயில்வரை கம்பைப் பிடித்து வந்தார். ஆசீர்வாதம் முடிந்ததும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா அவர் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்னிடம் மட்டும், "காலையில உன்கிட்ட பேசணும்" என்றார். அந்தக் குரல் உனக்குத் தெரியும்தானே. இனி என்னைப் பூப் போடவே விட மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அது வெறும் இடது வலதுக் குழப்பம். நீயாவது நம்பு.

ஊசி போடும்போது உன் கை நடுங்காதிருக்க நான் ஜெபிக்கிறேன், காலையில் என் கால் நடுங்காதிருக்க நீ ஜெபி.

இப்படிக்கு,
உன் பெல்ட் பிடிக்கு ஏங்கும் தங்கை.

பின்குறிப்பு: மேலே செய்த சத்தியம் பொய். எனக்கு இடது வலது நன்றாகத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் டியூஷன் முடிந்து மருந்துக்கடை முனையிலிருந்து உங்கள் கேட் வரை பின்னாலேயே நடந்து பழகினேன். ஐம்பத்தெட்டு அடி. வருஷம் முழுக்க நாம் ஆண்டவரைப் பார்க்கப் போகிறோம், இந்த ஒரு நாள் வராதவர்களைப் பார்க்க அவரே தெருவுக்கு வருகிறார் என்று சிஸ்டர் வகுப்பில் சொன்னார். வருகிறவருக்கு வழி காட்டுவது பூதானே? இது பாவமா அக்கா? பாவம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது, அந்த ஃபாதரிடமே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். என் அறைக் கதவு இல்லை, வாசல் கதவு. அப்பா எழுந்து போகிற சத்தம் கேட்கிறது. மணி அடிக்கவில்லை. முதலில் ஒரு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இர