ரவுட்டருக்குக் காய்ச்சல்

"வெங்காயம் இந்த முறை நல்ல விளைச்சல் மகன். கிணத்தடி முருங்கை முறிஞ்சு விழுந்திட்டு. அது கிடக்கட்டும், நான் உன்னட்ட ஒரு கதை..."

போன் கோல் அறுந்துவிட்டது.

இஸ்ஸதீன் எழுந்துபோய், அலுமாரிக்குள் இருந்த ரவுட்டரைத் தொட்டுப் பார்த்தார். விரலைச் சுட்டது. சற்று நேரத்தில் மகனிடமிருந்து எழுத்தில் செய்தி வந்தது: "லைன் சரியில்ல வாப்பா. நாளைக்கு எடுக்கிறேன்."

எத்தாளைக் கிராமத்தில் தகரக் கூரை போட்ட வீட்டில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எதைத் தொட்டாலும் சுடும். கதிரை சுடும், தலையணையும் சுடும். ஆனாலும் இஸ்ஸதீனுக்கு ரவுட்டர் மேல்தான் ஆத்திரம். குவைத்தில் இருக்கும் ஒரே மகன் ரிஃபாஸ், தன் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கும் அந்தக் கோல்தான் அவருடைய நாள். மனைவி மௌத்தாகித் தனித்துப் போனதிலிருந்து பூனையோடும் கதைத்துப் பார்த்தார். தட்டு காலியாகும்வரைதான் அது காது கொடுத்தது.

அவர் சொல்ல நினைத்தது ஒரே ஒரு வசனம்: "தனிய இருக்க ஏலல்ல மகன், பெருநாளைக்கு வந்திட்டுப் போ." ஆனால் எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்வதா? சலாம், உடம்பு சுகம், ஊரில் யார் மௌத்து, யாருக்குக் கல்யாணம், வெங்காயம் என்று ஒழுங்காகச் சுற்றித்தானே விஷயத்துக்கு வரவேண்டும்? சுற்றி முடிக்கும்போது லைன் செத்துப்போகும். எழுதி அனுப்பலாம்தான். தகப்பன் மகனிடம் கெஞ்சியது எழுத்தில் கிடப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

ரிஃபாஸுக்கு அங்கே ஏசி ஒஃபிஸில் வேலை. "குளிர்ல கை விறைக்குது வாப்பா" என்பான். அங்கே வீடியோ கோலுக்கு அனுமதி இல்லையாம், அதனால் குரல் மட்டும். அவ்வளவு குளிரில் இருக்கிறவன் பக்கம் என்ன கோளாறு வரப்போகிறது? குற்றவாளி இந்தப் பக்கத்து ரவுட்டர்தான் என்று தீர்ப்பாயிற்று.

இஸ்ஸதீன் காலமெல்லாம் வெங்காய லொறி ஓட்டியவர். எஞ்சின் கொதித்தால் மருந்து தண்ணீர். ஈரச் சாக்கை மடித்து ரவுட்டரின் தலையில் போட்டார். அது இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. காயவைத்து எடுத்ததும் உயிர் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மறுநாள் சூடு உள்ளே புகாதபடி சில்வர் பேப்பரால் இறுக்கிச் சுற்றினார். பக்கத்து வீட்டு ஃபஹ்மியா கறிக்கோப்பையோடு வந்தவள் சிரித்துவிட்டாள்.

"என்ன மாமா, ரவுட்டரப் புரியாணிப் பார்சல் மாதிரிக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"வெளிச்சூடு உள்ள போகாது மகள்."

"உள்சூடும் வெளிய வராதே! புரியாணி ஆறாம இருக்கத்தானே அப்பிடிச் சுத்துற?"

அன்று கோலே வரவில்லை. சில்வர் பேப்பர் சிக்னலையும் சேர்த்து மறித்துவிட்டது. இஸ்ஸதீன் போனை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்தார். அழுகை வந்தது, அழுதார். பார்க்க ஆளில்லாத வீட்டில் அழுவதற்கு என்ன வெட்கம்?

அடுத்த நாள் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான தலவிலைக்குப் போனார். அங்கே, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கில்பட், பழைய அம்ப்ளிஃபயர்களுக்கு நடுவில் திருத்தும் கடை வைத்திருந்தான்.

"நானா, இது லொறி இல்ல, தண்ணி குடிக்காது. சூடு வெளிய போக வழிதான் வேணும்." கில்பட் ஓர் அம்ப்ளிஃபயரிலிருந்து, சீப்புப் போலப் பற்கள் வைத்த கறுப்பு அலுமினியத் துண்டைக் கழற்றினான். "இதுதான் ஹீட் சிங்க். சிப்புல உள்ள சூடு இதுக்கு ஓடி வரும். பல்லுப் பல்லா இருக்கிறதால காத்துப் படுற இடம் கூட."

"ரேடியேட்டர்!" இஸ்ஸதீனின் முகம் மலர்ந்தது. "கறுப்பு எதுக்கு?"

"பளபளப்பான சாமான் சூட்ட லேசுல விடாது. கறுப்பு வீசித் தள்ளிரும்."

ஹீட் சிங்கைப் பொருத்தி, காற்றுப் படும் இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்பினான். அதோடு விட்டிருக்கலாம். இஸ்ஸதீன் யோசித்தார். கறுப்பு சூட்டை வீசும் என்றால், முழு ரவுட்டரும் கறுப்பாகட்டுமே! வள்ளத்துக்குப் பூசும் தாரை எடுத்து அப்பி, கடல் காற்று வரும் மேற்கு யன்னலில் வைத்தார்.

பகல் சாய்ந்ததும் வெயில் நேரே யன்னலுக்குள் வந்தது. தார் உருகி வடிந்தது. பூனை அதில் நடந்து, தலையணை வரை கால் பதித்துவிட்டுப் போனது.

இஸ்ஸதீன் கூப்பிட்டதும் கில்பட் மோட்டார் சைக்கிளில் வந்து தலையில் கைவைத்தான். "வெயிலுலயா வெச்சீங்க? கறுப்பு வீசுறதுலயும் முதல் ஆள், வாங்குறதுலயும் முதல் ஆள் நானா!"

தாரைச் சுரண்டி, ஹீட் சிங்கின் பற்களைத் துடைத்து, நிழலில் மேசை விசிறிக்கு முன்னால் வைத்தான். மறுநாள் கோல் வரும் நேரத்துக்குத் தானே பார்ப்பதாகச் சொல்லி, சொன்னபடி வந்தும் விட்டான்.

போன் அடித்தது. இஸ்ஸதீன் இந்த முறை வெங்காயத்தைத் தொடவில்லை. சலாமுக்குப் பதில் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"மகன், எனக்குத் தனிய இருக்க ஏலல்ல..."

கோல் அறுந்தது.

கில்பட் ரவுட்டரைத் தொட்டுப் பார்த்தான். "ஐஸ்ல வெச்ச மீன் மாதிரிக் குளிருது நானா. லைட்டும் பச்சை. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்."

இஸ்ஸதீன் கதிரையில் உட்கார்ந்தார். ரவுட்டர் குற்றமற்றது. அப்படியென்றால் லைனை வெட்டுகிறவன் மகன்தான். வாப்பாவின் தனிமையைக் கேட்கப் பிள்ளைக்கு விருப்பமில்லை. இதற்கா தண்ணீரும் தாரும்? கில்பட் அவர் முகத்தைப் பார்க்காமல் விசிறியைத் திருகிக்கொண்டிருந்தான்.

போன் மறுபடி அடித்தது. குவைத் நம்பர்தான், ஆனால் மகனுடையது இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. நான் சுஹைர், ரிஃபாஸோட வேலை செய்றவன். அவன்ட போன் சூடாகி நிண்டுட்டு, நீங்க யோசிப்பீங்க எண்டு என்னை எடுத்துச் சொல்லச் சொன்னான்."

"ஏசி ஒஃபிஸ்ல போன் எப்பிடி மகன் சூடாகும்?"



"ஏசியா? நாங்க கட்டடத்துக்குக் கம்பி கட்டுறவங்க வாப்பா. நிழல்ல இருந்து கதைச்சா மெஷின் சத்தம் உங்களுக்குக் கேட்டுரும் எண்டு, அவன் ஒவ்வொரு நாளும் சோத்த வெச்சிட்டு வெயிலுக்குள்ள தூரமாப் போய் நிண்டுதான் உங்களோட கதைக்கிறான்."