மங்காவா மாங்காயா

பலெர்மோ,
12.05.1996, ஞாயிறு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் எமிலியானுஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கள் மகள் றோசமலரும் இங்கு சுகம். பேசாலையில் தாங்களும் மாமியும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். நிற்க, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த தங்களிடமிருந்து எனக்கு அவசரமாக ஒரு அத்தாட்சி தேவை.

பொலிதேயாமாவில் நான் வேலை செய்யும் வீட்டுக்கு, வீட்டுக்கார அம்மா சிஞோராவின் மகளைப் பார்க்க இன்று பகேரியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கினம். சாப்பாட்டுக் கடைசியில மாம்பழக் கிறீம் குடுக்கிறதெண்டு ஏற்பாடு. சமையல்காரி லூர்தெஸ் பிலிப்பைன்ஸ்காரி. நேற்று என்னைக் கபோச் சந்தைக்கு அனுப்பேக்க எல்லாத்தையும் இத்தாலியனில சொன்னவ, இதை மட்டும் தன்ரை பாசையில "மங்கா" எண்டிட்டா. வேற்றுநாட்டு வாயில எங்கட மாங்காய்! அந்தச் சந்தோசப் புளுகத்தில, எங்கட ஆக்களின்ரை கடையில கல்லுமாதிரிக் காயாத் தெரிஞ்செடுத்து, நல்ல புளிதானோ எண்டு மணந்தும் பாத்து வாங்கி வந்தன்.

இண்டைக்குக் காலமை பையைத் திறந்தவ தலையில கைவைச்சிட்டா. "மங்கா எண்டெல்லோ சொன்னனான்?" "மாங்காய்தானே இது. பழமெண்டால் மாம்பழம் எண்டு சொல்லவேணும்." அவையின்ரை பாசையில காயும் மங்காவாம், பழமும் மங்காவாம். சொல்லு எங்கட எண்டன். இல்லை, மலாய்க்காரரிட்டை வாங்கினது எண்டா. மலாய்க்காரருக்கு ஆர் குடுத்தது எண்டு கேட்டன். சொல்லைக் கொண்டுபோனவை அர்த்தத்தைப் பாதியில விட்டிட்டுப் போனதுக்கு நானோ பொறுப்பு?

ஞாயிறெண்டபடியால் கடையெல்லாம் பூட்டு. போன மாதம் பூச்சாடியை உடைச்ச அண்டைக்கே, இன்னொரு பிழை விட்டால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற கடதாசிக்குக் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு சிஞோரா சொல்லிப்போட்டா. அந்த அனுமதி இல்லாட்டி நானும் உங்கட மகளும் இந்த நாட்டில இருக்கேலாது. அங்கை மேசையில மீன் முடியப்போகுது. நான் குசினியில குந்தியிருந்து எழுதுறன், பயமாக் கிடக்கு மாமா. லூர்தெஸ் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு காயைச் சீவிறா. ஆகவே மங்கா என்பது தமிழ்ச் சொல், காயையே குறிக்கும், பிழை மருமகனில் இல்லை என்று நூலாதாரத்தோடு எழுதி அனுப்புங்கோ. கடிதம் வர ஒரு மாதம் செல்லும், எண்டாலும் உடனே அனுப்புங்கோ. அடுத்த தட்டுக்குச் சிஞோரா மணி அடிக்கிறா.

மாதா தங்கள் இருவரையும் தன் மேலாடையில் பொதிந்து காப்பாளாக. மாமியை எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லவும்.

இப்படிக்கு,
மருமகன் எமிலியானுஸ்

பி.கு.: அத்தாட்சி அனுப்பவேண்டாம். தட்டைக் கண்டு சிஞோரா என்னைப் பாத்து வாய் திறக்க முதல், லூர்தெஸ் முந்திக்கொண்டா: "நான்தான் காய் வாங்கச் சொன்னனான், சிஞோரா. எங்கட பாசையில மங்கா எண்டால் காய்தான். கலியாணப் பேச்சுக்கு உப்போட குடுக்கிறது எங்கட வழக்கம்." மாப்பிள்ளையின்ரை தாய் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. நாளைக்குக் கையெழுத்து வைக்கிறதாச் சிஞோரா சொல்லிட்டா. ஆராவது விசாரிச்சால், அந்தச் சொல்லுக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பும் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ, மாமா.