தியாகலிங்கனார் கார் ஏற்றிய படலம்

“பிள்ளை, வல்லைவெளியிலை ஒரு கார் மூக்குக் குத்தி நிண்ட கதை உனக்குத் தெரியுமே?” என்று அரிசி மில் வரிசையில் நின்ற இரத்தினம்மா மாமி ஒருநாள் என்னைக் கேட்டார். தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வாழ்க தியாகலிங்கனார்! செம்மண் நாடாம் நீர்வேலியின் வேந்தர். ஆயிரம் வாழைகளைக் கொடியும் குடையுமாய்க் கொண்டவர். மண்ணெண்ணெய்ப் புகை கமழும், நீண்ட கைபிடி கொண்ட இருசில்லு உழவு மிசினைத் தேராக ஊர்பவர். மகள் குணலட்சுமியைப் பெண் பார்க்க வந்த பதினொரு வீட்டாருக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பியும் மனந்தளராது பன்னிரண்டாம் வீட்டாருக்குக் கேத்திலை அடுப்பில் ஏற்றிய தீரர். மயிலே, மூஞ்சூறே, இடபமே, தெய்வங்களைச் சுமந்தும் ஒருநாளும் குடைசாயாத வாகனங்களே, அவர் புகழ் சொல்லத் துணை வருக.

அவருடைய கொட்டிலில் ஒரு கார் கிடந்தது. தம்பியார் கனடாவுக்குப் போகுமுன் விட்டுச்சென்ற, குருதிச் செந்நிறமும் இரண்டே இருக்கையும் கொண்ட, தரையோடு படுத்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் கீழே கோழிகள்கூடக் குனிந்துதான் முட்டையிட்டன. அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. பெற்றோல் என்னும் அமுதம் குடாநாட்டுக்குள் வரத் தடையாகி மூன்று வருடம். அந்தக் கார் ஓடாது. ஆனால் ஒருவருடைய வாசலில் அழகாய் நிற்கும்.

அந்த அழகுக்கே பன்னிரண்டாம் வீட்டாரான உடுப்பிட்டிப் பரமலிங்கத்தார் மயங்கினார். பெண்ணைப் பார்க்க வந்தவர், பெண்ணை ஒருமுறையும் காரை மூன்றுமுறையும் சுற்றிப் பார்த்து, முரசறையாத குறையாகச் சாற்றினார்: “வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ளை சீதனக் கார் எங்கடை வளவுக்குள்ளை நிக்கவேணும். இல்லாட்டில் கரவெட்டியிலை வேறை இடம் பாத்து வைச்சிருக்கிறம்.” அவருடைய மகன் சீவரத்தினம், கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர், புறப்படும்போது குணலட்சுமியிடம் புத்தகங்கள் வாசிப்பீரோ என்று கேட்டார். பதினொரு வீட்டாரில் எவரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே முப்பத்தொரு வயதுக் குணலட்சுமி, இந்தக் கலியாணம் நடக்கட்டும் என்று முதன்முறையாக நேர்ந்துகொண்டாள்.

உழவு மிசினின் பின்னால் பூட்டிக் காரைச் சுமக்கும் இழுவைப் பெட்டிக்கான சுயம்வரம் தொடங்கியது. முதலில் வந்தது பெரிய டிராக்டரின் பெட்டி, பட்டத்து யானை போல் உயர்ந்தது. பலகை வைத்துத் தள்ளினார்கள். முன்சில்லுகள் ஏறின, நடுவயிறு பெட்டி விளிம்பில் தட்டியது, கார் மதில்மேல் அகப்பட்ட ஆமையாய் நான்கு சில்லும் அந்தரத்தில் கிடந்தது. பத்துப் பேர் தூக்கி இறக்கினார்கள். அடுத்து வந்தது மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் வள்ளம் ஏற்றும் வண்டி. உயரம் பதிவுதான், ஆனால் அகலம் ஒடுக்கம். இடப்பக்கச் சில்லுகள் பலகையில் நிற்க, வலப்பக்கச் சில்லுகள் காற்றில் நடந்தன.

மூன்றாவது, அச்சுவேலிச் சிமியோன் தன் பட்டறையில் பழைய காரின் அச்சை வைத்து ஒட்டியது. முழங்கால் உயரம், நீளமான ஏறுபலகை, கண்ணுக்குக் குளிர்ந்த பச்சை நிறம். தியாகலிங்கனார் அதை வாங்கி, சந்தனப் பொட்டு வைத்து, மாமரத்தின் கீழ் நிறுத்தினார். ஊர் வந்து பார்த்தது. சொந்தப் பெட்டி என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அதில் வெங்காயம் ஏற்றலாமோ என்று கேட்ட அயலவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கொடுக்கும்போது சிமியோன் ஒரே ஒரு விதி சொன்னான்: “எஞ்சின் பக்கம் மிசினுக்குக் கிட்ட வரவேணும், அண்ணை. பின்னுக்குப் போனால் பெட்டி குந்தியிடும், மிசின் எழும்பியிடும்.”

வியாழன் காலை உடுப்பிட்டியிலிருந்து கட்டளை வந்தது. ஒழுங்கை ஒடுக்கம், ஆகவே பெட்டியைப் பின்பக்கமாக வாசற்படலைவரை கொண்டுவந்து, காரை அப்படியே உள்ளே உருட்ட வேண்டும். கார் முகம் காட்டித்தான் நுழைய வேண்டும். முதுகு காட்டி வந்தால் லட்சுமி அதோடு திரும்பிப் போய்விடுவாள். எனவே எஞ்சின் இருக்கும் முகப்பக்கம் பெட்டியின் பின்னால்தான் நிற்க வேண்டும்.

பெரியவர்கள் கூடி மந்திராலோசனை நடத்தினார்கள். தண்ணீர் கொண்டுவந்த குணலட்சுமி, “றோட்டிலை இறக்கித் திருப்பிப் போட்டுத் தள்ளலாம்தானே, அப்பா?” என்றாள்.

“ஆம்பிளையள் கதைக்கேக்கை நீ பேசாமல் இரு, பிள்ளை,” என்றார் ஒரு மாமா.

அறிவிற்சிறந்த அச்சபை வேறு வழி கண்டது. பின்னால் எஞ்சின் அமுக்கினால் முன்னால் மனிதர் அமுக்குவது. தியாகலிங்கனாரின் மச்சான்மார் இருவர், சீமெந்து மூட்டைகள் இரண்டிரண்டை ஒத்தவர்கள், பெட்டியின் முன்தலையில் அமர்ந்தார்கள். தன் விதி மீறப்பட்ட வெறுப்போடு சிமியோனும் நடுவில் அமர்ந்தான்.

வெள்ளி காலை தேர் புறப்பட்டது. வடக்கயிற்றால் பிணிக்கப்பட்ட செங்கார், பகைவன் நாட்டை நோக்கும் புலியெனப் பின்னோக்கி முறைத்துக்கொண்டு வர, அதன் பார்வைக்கு நேரே குணலட்சுமி சைக்கிளில் வர, புத்தூர் கடந்து, அச்சுவேலி கடந்து, உப்புக்காற்று ஊளையிடும் வல்லைவெளி புகுந்து, பாலமும் கடந்தது பெட்டி. எதிரே முனியப்பர் கோயில். அங்கே வரவேற்கவென்று பரமலிங்கத்தாரும் மகனும் மாலையோடு நின்றார்கள். வெற்றி இன்னும் மூன்று மைலில்.

வல்லை முனியப்பரைக் கண்டும் இறங்கிக் கும்பிடாமல் போகும் வாகனக்காரர் இல்லை. தியாகலிங்கனார் கைபிடியை விடாமல் மிசினை நிறுத்தினார். மச்சான்மார் இருவரும், இத்தனை தூரம் அசையாதிருந்த அவ்விரு மலைகளும், தேங்காயோடு பயபக்தியாக ஒன்றாக இறங்கினார்கள்.

சிமியோன் கிறிஸ்தவ வேதக்காரன், இறங்கவில்லை. அவன் ஒருவன் பாரம் எம்மட்டு? பெட்டி குந்தியது. மிசினின் கைபிடிகள் மதயானையின் கொம்புகளென விண்ணோக்கி எழ, அவற்றைப் பற்றியிருந்த தியாகலிங்கனார் தேவர்களுக்கு அருகே ஒரு கணம் வீற்றிருந்து, பிறகு கால் மடங்கச் சேற்றில் வீழ, வடம் அறுத்த செங்கார் தெருவோர உவர்ச்சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

சைக்கிளை எறிந்துவிட்டு ஓடி வந்தாள் குணலட்சுமி. அவளுக்கும் முன்னே, அம்பென, மாலை கையிலிருந்து நழுவ, வேட்டி சேறாகச் சீவரத்தினம் ஓடினார். ஓடி, கணுக்காலைப் பிடித்தபடி கிடந்த தியாகலிங்கனாரைக் கடந்து, காரின் முகத்தருகே முழந்தாளிட்டு, அதை இரு கையாலும் துடைத்தார்.

“ஐயா, முன் லைற் உடைஞ்சு போச்சு.”

“பறவாயில்லை, தூக்குங்கோ, நேரம் போகுது,” என்றார் பரமலிங்கத்தார்.

குணலட்சுமி தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே உழக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.